மேசைக்கு இந்தப் பக்கம்

சட்பரியில் ஏரியின் விளிம்பு
கண்ணாடியாகத் தொடங்கிய வாரம்
வேலை கிடைத்தது.
கல்லூரி ஆண்கள் கூடைப்பந்து அணிக்குக்
கணக்கு எழுதுகிறவள்.
ஆட்டத்துக்கு நாற்பத்தைந்து டொலர்,
ஒரு நீலப் பேனா,
நடுக்கோட்டுக்கு நேரே மடக்குக் கதிரை.

ஆட்டம் தெரியாது, கணக்குத் தெரியும் என்றேன்.
பயிற்றுநர் லேஹ்தினென்
"போதும். எண்ண அதிகம் இராது" என்றார்.
சிரிக்கவில்லை.

முதல் ஆட்டம் நாற்பத்தொரு புள்ளியால் போயிற்று.
அடுத்தது முப்பதால்.
மூன்றாவதில் வென்றோம்:
எதிரணியின் பேருந்து வழியில் பழுதாகி
ஏழு பேர் மட்டும் வந்திருந்தார்கள்,
இருவர் காலில் இரவல் சப்பாத்து.
இருந்தாலும் அன்றிரவு
பொடியன்கள் பீட்சாக் கடையில் போட்ட சத்தத்துக்கு
வாகைப் பூ இருந்திருந்தால் வாடியிருக்கும்.

அடியில்லாத ஒன்றை
யார் கூடை என்று சொன்னது?
போடுவதெல்லாம் கீழே வருகிறது,
உடனே எதிரியின் கைக்குப் போகிறது.

தண்டனை எறிதலுக்கு ஒரு வட்டம் போட வேண்டும்.
விழுந்தால் நிரப்பு, விழாவிட்டால் வெறுமையாக விடு.
மாபியோரின் வரிசை முழுக்க
சவர்க்கார நுரை.
ஆறடி எட்டங்குலம் அவன்;
கோட்டில் தனியாக நிற்கும்போது மட்டும்
எங்கோ குனிந்து நுழைகிறவன் போலிருப்பான்.

டிசம்பரில், சூ சென் மரியில் தோற்று வரும் வழியில்,
பேருந்து பனியில் புதைந்தது.
இறங்கித் தள்ளினார்கள்.
நாவெகபோ ஒன்று, இரண்டு, மூன்று என்று கத்த
பதினொரு முதுகுகள் ஒன்றாய் வளைந்தன.
அந்தப் பருவத்தில் அவர்கள்
ஒருவரை ஒருவர் பார்க்காமலே
சரியான இடத்தில் நின்றதை
அன்றுதான் கண்டேன்.
அதற்குப் புள்ளி இல்லை.

பன்னிரண்டாவது ஆள் ஒலிவியே கிரத்தோன்
அப்போதும் உள்ளேதான்.
தண்ணீர்ப் போத்தல்கள் உருளாமல் பிடித்திருந்தான்.
அது அவன் பொறுப்பு.
ஆட்டத்துக்கு ஆட்டம் அவன் வரிசை வெறும் வெள்ளை.
பின்னால் எழுத ஒன்றுமில்லாததால்
பெயரை மட்டும் அழகாக எழுதுவேன்.

பெப்ரவரி, கடைசி ஆட்டம்.
ஹெர்ஸ்டிலிருந்து ஏழு மணி நேரம் ஓட்டி
அவன் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள்,
குளிருடையைக் கழற்றாமல்,
யாரோ எழுப்பிவிடுவார்கள் என்பது போல.
முப்பத்தொரு புள்ளி பின்தங்கியிருந்தோம்.
எழுபது வினாடி இருக்கையில்
லேஹ்தினென் வாங்கின் கடைசிப் பக்கம் பார்த்தார்.

இரண்டு முறை பந்து அவன் பக்கம் வரவேயில்லை.
மூன்றாவது முறை நாவெகபோ
தான் போடக்கூடியதைப் போடாமல்
மூலைக்கு எறிந்தான்.
ஒலிவியேயின் குதிகால் கோட்டை உரசியது.
முழங்கால் மடிந்தது.
வலை ஒருமுறை உதறிக்கொண்டது.

நான் எழுதிவிட்டேன்.
மூன்று தாளும் அழுந்த,
2.

பிறகுதான் பலகைக்குப் பின்னால்
சிவப்பு விளக்கு முன்பே எரிந்தது தெரிந்தது.
நடுவர் கையை வீசி இல்லை என்றார்.
ஒருவரும் வாதாடவில்லை,
இருபத்தொன்பதால் தோற்பதற்கும்
முப்பத்தொன்றால் தோற்பதற்கும் நடுவே
யார் நின்று சண்டை பிடிப்பது?
அவன் அம்மா மட்டும்
கைதட்டுவதை நிறுத்தவில்லை.
அவருக்கு அந்தச் சைகை தெரியாது.

விதிப்படி அடித்தால் ஒற்றைக் கோடு.
இழுத்தேன், மெல்லத்தான்.

வெள்ளைத் தாள் சங்கத்துக்கு.
மஞ்சள் எதிரணிக்கு.
இளஞ்சிவப்பு எங்களுக்கு.
அரங்கைக் கூட்டுகிறவர் விளக்கை ஒவ்வொன்றாய் அணைக்க
தாள்களைப் பிரித்தேன்.
மூன்றாவது தாள் வரை கோடு இறங்கியிருக்கவில்லை.
கிரத்தோன், பெயருக்கு நேரே, 2.

கீழே மொத்தம் ஐம்பத்தெட்டு என்றிருக்கிறது,
கூட்டினால் அறுபது வரும்.
மூன்று வெற்றி, பதினேழு தோல்வி என்ற
கோப்பில் அதையும் வைத்து மூடினேன்.
எனக்குக் கணக்குத் தெரியும்.
முதல் நாளே சொல்லியிருந்தேன்.